கோப்பி விளம்பரத்தில் வந்த பாட்டும் என் பங்கும்

1

ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். இதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அதற்குப் பிறகு நான் செய்தவற்றைக் கேட்டால் படித்தவர்கள்தான் தலை குனிய வேண்டும்.

கொத்து வேலை செய்த கையோடு மொன்றியலில் வந்து இறங்கினேன். ஒரு கைப்பை, இரவல் வாங்கிய ஒரு கம்பளிச் சட்டை, அவ்வளவுதான். ஒரு கிரேக்கருடைய சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகு கொம்பனிகளுடைய கந்தோர்களைத் துப்புரவு செய்கிற வேலை. ஆறு வருடத்தில் அந்த வேலையையே என் சொந்தக் கொம்பனி ஆக்கினேன். இன்றைக்கு நாலு வான் ஓடுகிறது. பத்தொன்பது பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். அதில் மூன்று பேர் பட்டதாரிகள். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இரண்டு கார் விடுகிற கராஜோடு வீடு. பதினொரு பேரை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டேன். எங்கள் சனத்துக்கு மாதம் ஒரு தமிழ்ப் பூசை வேண்டும் என்று செயின்ட்-மிஷேலில் கத்தோலிக்கக் கோயில் கதவைத் தட்டின முதல் ஆள் நான். அப்போது எனக்குத் தெரிந்தது நிலம் துடைக்கிற பிரெஞ்சு மட்டும். ஊரில் எங்கள் கோயில் மணிக்கூண்டு ஷெல் விழுந்து சரிந்தபோது அதைத் திரும்ப எழுப்பினவனும் நான்தான். கல்லில் பெயர் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

இந்தப் பட்டியலைத்தான் மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். ஊர்க் கோயில் திருவிழா மலரில் வெளிநாட்டில் முன்னுக்கு வந்தவர்களுக்கு ஒரு பகுதியாம். ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதட்டாம். அதே மலரில் என் மகளைப் பற்றியும் ஒரு கட்டுரை வரப்போகிறதாம், இங்கே மேடைகளில் பாடுகிறாள் என்பதால்.

பட்டியல் முடிந்தது. ஆனால் நான் நிறுத்தப்போவதில்லை. மணிக்கூண்டு கட்டினவனுக்கு இன்னும் நாலு பக்கம் தரலாம். மகளைப் பற்றிய கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னர் இதை ஆசிரியர் ஒருக்கால் வாசிக்க வேண்டும். அவளுடைய பாட்டில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது. அது என்ன பங்கு என்று போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கே சரியாக விளங்கியது.

2

என் மனைவி றீற்றாவையும் மகள் பிலோமினாவையும் கூப்பிட ஆறு வருடம் எடுத்தது. முதலில் அகதி வழக்கு. அது முடிய நிரந்தர வதிவிடம். அது முடிய அவர்களுடைய விண்ணப்பக் கோவை. கொழும்பில் ஒரு கடிதம் ஒரு வருடம் படுத்திருக்கும். ஒட்டாவாவில் இன்னொரு கடிதம் எட்டு மாதம் படுத்திருக்கும். கடைசியில், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் என் பெயர் ஒரு விதமாகவும் என் கடவுச்சீட்டில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது, நீர்தான் தகப்பன் என்று எப்படி நம்புவது என்று கேட்டு எழுதினார்கள். சத்தியக் கடதாசி முடித்து, இரண்டு பேரைச் சாட்சிக்குப் பிடித்து அனுப்பினேன். இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் நான்தான் என்று கையெழுத்து வைத்து நிரூபித்தவன் நான். இதை நினைவில் வைத்திருங்கள்.

நான் ஊரை விட்டு வெளிக்கிடும்போது பிள்ளைக்கு நாலு வயது. மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது பத்து. தாயின் பின்னால் ஒளிந்து நின்றாள்.

"அப்பாவுக்கு ஒரு கொஞ்சு குடு பிள்ளை," என்றாள் றீற்றா.

பிள்ளை கையை நீட்டினாள். கந்தோரில் கை குலுக்குகிற மாதிரி. நானும் குலுக்கினேன். வேறு என்ன செய்வது?

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவள் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. எது தேவை என்றாலும் தாய் மூலம்தான். "அம்மா, சப்பாத்து கடிக்குதெண்டு அவரிட்டச் சொல்லுங்கோ." அவர்! நான் அதே மேசையில்தான் சோறு தின்று கொண்டிருப்பேன். வீட்டில் இப்படி. வெளியில் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் ஆறு மாதத்தில் பிரெஞ்சு படபடவென்று கொட்டத் தொடங்கிவிட்டது. மின்சாரக் கொம்பனிக்கு நான் ரெலிபோன் எடுத்தால் என் கையிலிருந்து வாங்கி அவள்தான் கதைப்பாள். கதைத்து முடித்துத் தாயிடம் கொடுப்பாள், என்னிடம் அல்ல.

சவிரிமுத்து என்ற என் பெயரை இந்த நாட்டுக் கந்தோர்கள் அவளுக்குக் குடும்பப் பெயராகப் பின்னால் ஒட்டிவிட்டன. வகுப்பில் ரீச்சர் 'மத்மொசெல் சவிரி, சவிரி' என்று இழுத்து மூச்சு வாங்குவாவாம். பிள்ளைகள் சிரிப்பார்களாம். றீற்றா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

3

மொன்றியலில் யூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறும். கொண்டுபோக இடமில்லாததை எல்லாம் தெருவோரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். புதிதாக வந்த எங்களுக்கு அதுதான் நத்தார்ப் பண்டிகை. அப்படி ஒரு யூலையில் செயின்ட்-மிஷேலில் ஒரு மூன்று மாடி வீட்டின் முன்னால் எடுத்ததுதான் எங்கள் தொலைக்காட்சிப் பெட்டி. மரப் பெட்டி, இரண்டு ஆள் தூக்க வேண்டும். நான் ஒரு ஆளாகத் தூக்கி, வெளிப்பக்கமாக வளைந்து ஏறுகிற அந்த இரும்புப் படியால் இரண்டாம் மாடிக்கு ஏற்றினேன். வீடியோப் பெட்டியைப் பழைய சாமான் கடையில் வாங்கினேன். கல்யாண வீட்டு வீடியோ பார்க்கத்தான்.

அந்தப் பனிக்காலத்தில் ஒரு கோப்பி விளம்பரம் வந்தது. ஒரு மனுசன் பனிக்குள் பெட்டியோடு நடந்து வருவான். ஒரு வீட்டின் யன்னலில் வெளிச்சம். கதவு திறக்கும், ஒரு பெண் சிரிப்பாள், இரண்டு கோப்பையில் ஆவி பறக்கும். அதற்குப் பின்னால் ஒரு பாட்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவருடைய குரல், பழைய பாட்டு. ஆள் அப்போதே செத்து வருடக் கணக்காம். கோயிலில் பாடி வளர்ந்த குரல் என்று கேட்டவுடனே தெரியும். மேலே போகும்போது கத்தமாட்டார், உடைவார். அரை நிமிசம். பிறகு கோப்பி அடைத்த தகர ரின் வரும், ஒரு ஆள் பிரெஞ்சில் ஒரு வசனம் சொல்லுவான், முடிந்தது.

பதினொரு வயதுப் பிள்ளை சாப்பிட்டுக் கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாயில் சோறு. பிறகு திரும்பி, தாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அதைத் திருப்பிப் போடேலாதோ?"

என்னை அப்பா என்று கூப்பிட்டதும், என்னிடம் ஒன்று கேட்டதும் அதுதான் முதல் தடவை.

தொலைக்காட்சியில் போனதைத் திருப்பிப் போட முடியாது. ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை. அந்த விளம்பரம் சனிக்கிழமை ஹொக்கிக்கு நடுவில் வருகிறது என்று கண்டுபிடித்தேன். என்னோடு வேலை செய்த ஹெயிட்டிக்காரன் ஒருவனிடம் கெஞ்சி என் சனிக்கிழமை வேலை முறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். சனிக்கிழமை ஏழு மணிக்கு வீடியோப் பெட்டியின் முன்னால் சம்மணம் கட்டி இருந்தால், இரண்டு பொத்தானிலும் இரண்டு விரல். ஹொக்கி எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்காது. தடியோடு ஓடுவார்கள், திடீரென்று அடிபடுவார்கள், அடிபட்டவனைப் பெட்டிக்குள் இருத்துவார்கள். எப்போது விளம்பரம் வரும் என்று எவருக்கும் தெரியாது. முதல் நாள் பொத்தானை அமத்த முன்னம் மனுசன் கதவடிக்கு வந்துவிட்டான். இரண்டாம் கிழமை பாட்டின் தலை போய்விட்டது.

"அப்பா, இப்ப! இப்ப! ஐயோ!"

"பொறு பிள்ளை, வருவான். எங்க போறான்?"

"அங்கால விளையாட்டு துவங்கீட்டுது."

"துவங்கினா என்ன, முடியத்தானே வேணும்."

றீற்றா குசினிக்குள் இருந்து, "தகப்பனுக்கும் மகளுக்கும் விசர்," என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த சந்தோசத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அஞ்சாறு கிழமையில் ஒரு முழு விளம்பரம் விழுந்தது. அந்தக் கசெற்றைப் போட்டால் கொஞ்சம் ஹொக்கி, தலை போன பாட்டு, கொஞ்சம் ஹொக்கி, கால் போன பாட்டு, கடைசியில் முழுப் பாட்டு. பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்துப் பாடினாள். இங்கிலீசு தெரியாது. சொல்லுக்குச் சொல் அந்த மனுசன் மாதிரியே உடைந்து பாடினாள். எனக்கும் அந்தப் பாட்டுப் பிடிக்கும். எவருக்கும் சொன்னதில்லை. வான் ஓட்டும்போது தனியே முனகுவேன். கோப்பி ரின் வருகிற இடத்தில் நிறுத்திவிடுவேன். அதோடு பாட்டு முடிகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

4

இனி எழுதப்போவதை ஊரில் இருப்பவர்கள் விளங்குவீர்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளங்காது.

எங்கள் காலத்தில் வானொலியில் விளம்பரங்களும் பாட்டாகத்தான் வரும். சவர்க்காரத்துக்கு ஒரு பாட்டு, சீத்தைத் துணிக்கு ஒரு பாட்டு. நல்ல பாடகர்கள் பாடுவார்கள். சாந்து குழைக்கும்போது நாங்கள் அவற்றைத்தான் பாடுவோம், எவரும் சிரிக்கமாட்டார்கள். சினிமா மெட்டில் ஞானப் பாட்டுக் கட்டித் திருவிழாவுக்குப் பாடுவதும் எங்களுக்குப் புதிது அல்ல. மெட்டு நன்றாக இருந்தால் அது எங்கேயிருந்து வந்தது என்று மாதா கேட்பதில்லை. இப்படித்தான் நான் வளர்ந்தேன்.

ஆகவே அந்த வருடம் அந்தோனியார் திருநாள் பூசைக்குப் பிள்ளையைத் தனியே ஒரு பாட்டுப் பாட வைப்போம் என்று யோசித்தபோது, எனக்கு வேறு மெட்டே மனதில் வரவில்லை. அப்போதுதான் என்னைத் தமிழ்ப் பூசைச் சங்கத்துக்குத் தலைவராகத் தெரிவு செய்திருந்தார்கள். இங்கிலீசுக்காரர் கணக்காகப் பாடுகிற பிள்ளை ஒன்று என் வீட்டில் இருக்கிறது என்று சனம் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பொய் சொல்லக்கூடாது, அதற்காகத்தான்.

பெஞ்சமின் மாஸ்டர் ஊரில் தமிழ் படிப்பித்தவர். அவர் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. அவருக்கு மெட்டை வாயால் பாடிக் காட்டினேன். "நல்ல இராகமாக் கிடக்கு, ஆரின்ரை பாட்டு?" என்றார். "ஒரு பழைய இங்கிலீசுப் பாட்டு மாஸ்டர்," என்றேன். வழி தவறிப் போன மகன் திரும்பி வந்து தகப்பன் வீட்டுக் கதவில் நிற்பதாக நாலு வரி எழுதித் தந்தார்.

பிள்ளை பேப்பரைப் பார்த்துவிட்டு வெளிறிப்போனாள்.

"அப்பா, இது கோப்பிப் பாட்டு."

"அது அங்க. இது கோயில்."

"எல்லாருக்கும் தெரியுமப்பா."

"ஆருக்குத் தெரியும்? எங்கட சனம் ஆர் ஹொக்கி பாக்குது?"

"ஏலாது அப்பா. வேற பாட்டுப் பாடுறன். ப்ளீஸ்."

"மாஸ்டர் எழுதித் தந்திட்டார். இனி நீ பாடாட்டி எனக்கெல்லோ மரியாதை கேடு."

பிள்ளை பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். என்னை அப்பா என்று கூப்பிடத் தொடங்கி அப்போது ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அதைக் கெடுத்துக்கொள்ள அவள் விரும்பவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

5

எங்கள் சனம் ஹொக்கி பார்க்கவில்லை என்று நான் சொன்னது உண்மைதான். பெரிய ஆட்கள் பார்க்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். நாங்கள் வேலைக்குப் போன சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகள் இந்த நாட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நற்கருணைக்குப் பிறகு பிள்ளை எழும்பி நின்று பாடினாள். வெள்ளைச் சட்டை. குரல் நடுங்கவில்லை. முதல் வரியிலேயே பின் வாங்கில்களில் ஒரு குசுகுசுப்பு. இரண்டாம் வரியில் சிரிப்பு. நான் திரும்பி முறைத்தேன். அவள் நிறுத்தவில்லை. கடைசி வரியை அந்த மனுசன் மாதிரியே உடைத்துப் பாடி முடித்தாள். சரியாகக் கோப்பி ரின் வருகிற அந்த இடத்தில், பின்னால் இருந்து ஒரு பொடியன் அந்த விளம்பரத்து ஆளின் குரலில் "அன் கஃபே, சில் வூ ப்ளே!" என்று கத்தினான். ஒரு கோப்பி தாருங்கள் என்று அர்த்தம்.

கோயில் கொல்லென்று சிரித்தது. சிரித்த பிள்ளைகளிடம் தாய்தகப்பன் என்ன ஏது என்று கேட்டு, பிறகு அவர்களும் சிரித்தார்கள். பீடத்தில் நின்ற பாதர், எங்கள் தமிழ்க் குருவானவர், புத்தகத்தைப் பார்த்தபடியே நின்றார்.

பூசை முடிந்து கீழே நிலவறையில் வழமைபோலப் பாணும் கோப்பியும். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. "விளம்பரம் முடிஞ்சுது, இனிச் சாமானைத் தாங்கோ," என்று ஒருவர். "தலைவர் கோப்பிக் கொம்பனி துவங்கீட்டார் போல," என்று இன்னொருவர். பிள்ளை கடதாசிக் கோப்பைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டு வந்தாள். அது அவளுடைய முறை. எவரும் மாற்றிவிட நினைக்கவில்லை.

பாதர் என்னிடம் வந்தார். கோபமாகக் கேட்கவில்லை. "சவிரிமுத்து, இந்த மெட்டை ஆர் தெரிஞ்செடுத்தது?" என்றார்.

சுற்றிவர ஆட்கள். பெஞ்சமின் மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலைவராகி மூன்று கிழமை. கிரேக்கன் கடையில் கோப்பை கழுவினவன் தலைவர் ஆகிறதா என்று முதலே புறுபுறுத்தவர்கள் அங்கே நின்றார்கள்.

"இவள்தான் பாதர்," என்றேன். "ரீவியில கேட்டுப்போட்டு இதுதான் பாடுவன் எண்டு அடம். எனக்கென்ன தெரியும், நான் படியாத மனுசன்."

பிள்ளை தட்டோடு அடுத்த ஆளிடம் வந்துவிட்டாள். கேட்டுவிட்டாள். என்னைப் பார்த்தாள், கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. பிறகு பாதரைப் பார்த்து,

"ஓம் பாதர், நான்தான்," என்றாள்.

பாதர் அவளுடைய தலையைத் தடவி, "குழப்படிக்காரி," என்று சிரித்துவிட்டு ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார். விசயம் முடிந்தது. என் தலைவர் பதவி எட்டு வருடம் இருந்தது.

படியாத மனுசன் என்று நானே என்னைச் சொன்னது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மற்ற நேரம் எல்லாம் ஐந்தாம் வகுப்பைப் பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டுதான் திரிந்தேன். அன்றைக்கு அதற்குப் பின்னால் ஒளிந்தேன்.

6

'கோப்பிப் பெட்டை' என்று பெயர் வைத்தார்கள். நாலைந்து வருடம் அந்தப் பெயர் ஓடியது. அவள் வீட்டில் பாடவில்லை. கேட்டால், "வீட்டுப்பாடம் இருக்கு," என்பாள். அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. மரியாதையான பிள்ளை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பனிச்சப்பாத்து, புத்தகம், கல்லூரிப் படிவம், எல்லாம் திரும்பவும் தாய் மூலம்தான்.

நான் அப்போது கொம்பனி தொடங்கின மும்முரம். வான், ஆட்கள், ஒப்பந்தம், பிறகு வீடு. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவளுக்கென்று தனி அறை கட்டிக் கொடுத்தேன், மேல்மாடியில், பெரிய யன்னல். அதில் இரண்டு வருடம்தான் இருந்தாள். பத்தொன்பது வயதில் சிநேகிதிகளோடு நகரத்துக்குள் வீடு எடுத்துக்கொண்டு போனாள். அதுவும் யூலை முதலாம் திகதிதான். என் வானில்தான் சாமானை ஏற்றினோம். நானே ஓட்டினேன். பிரியும்போது கையை நீட்டினால் மிராபெலில் மாதிரியே மரியாதையாகக் குலுக்குவாள் என்று எனக்குத் தெரியும்; அதனால் நீட்டவில்லை.

பாடுகிறாள் என்பதை றீற்றாதான் சொன்னாள். கறுப்பினத்தவர்களின் பழைய பாட்டுகளாம், வாத்தியக்காரர் நாலு பேராம். ஒட்டி வைக்கிற விளம்பரத் தாள் ஒன்றைக் காட்டினாள். 'மினா' என்று இருந்தது. பிலோமினாவில் மிச்சம் அவ்வளவுதான். ஒட்டாவாவுக்குச் சத்தியக் கடதாசி அனுப்பி நான் அவளுக்குப் பின்னால் ஒட்டவைத்த பெயரைக் காணவில்லை.

7

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நகரத்துக்குள் ஒரு கோப்பிக் கடையின் மேல்மாடியில் அவளுடைய கச்சேரி. றீற்றாவுக்குத்தான் அழைப்பு. "நீங்களும் வாங்கோவன்," என்றாள். கோட்டும் கழுத்தில் ரையும் கட்டிக்கொண்டு போனேன். அங்கே எவரும் ரை கட்டவில்லை. எண்பது கதிரை இருக்கும், நான் எண்ணவில்லை, ஆனால் ஒன்றும் காலி இல்லை. தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான்.

பாடினாள். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. கட்டடம் என்றால் எழுதுவேன்.

கடைசிப் பாட்டுக்கு முன்னர் தண்ணீர் குடித்துவிட்டுப் பிரெஞ்சில் கதைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு அந்த அளவுக்கு விளங்கும். இந்தப் பாட்டைப் பதினொரு வயதில் ஒரு கோப்பி விளம்பரத்தில் கேட்டேன் என்றாள். சனம் சிரித்தது. தெருவில் எடுத்த ரீவி, ஹொக்கிக்கு நடுவில் பிடித்த ஒரு கசெற் என்றாள். எங்கள் வீட்டில் பிடித்தது என்றாள். ஆர் பிடித்தது என்று சொல்லவில்லை. நான் கதிரையில் முன்னுக்கு நகர்ந்தேன்.

"பிறகு எனக்கு ஒரு புத்திசாலித்தனமான யோசனை வந்தது," என்றாள். "இதைக் கோயிலில் அந்தோனியாருக்குப் பாடினேன். நான் சரியான குழப்படி." சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

றீற்றா திரும்பி என்னைப் பார்த்தாள். கோயில் நிலவறையில் ஒருக்கால் பார்த்த பிறகு, பதினாலு வருடமாக அவள் அப்படிப் பார்க்கவில்லை.

பிறகு பாட்டு. கோப்பி ரின் வருகிற இடம் வந்தது. என்னுடைய கைகள் தாமாகத் தட்டிவிட்டன. நான் ஒருவன் மட்டும், அந்த மண்டபத்தில், இரண்டு தட்டு. ஏனென்றால் எனக்குத் தெரிந்த பாட்டு அவ்வளவுதான். மகள் கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்து பாடினாள். அதற்குப் பிறகுதான் பாட்டின் பெரும் பாதியே இருந்தது. இத்தனை வருடமாக அது எனக்குத் தெரியாது.

"என்னவாம்?" என்று றீற்றாவின் காதுக்குள் கேட்டேன். தையல் தொழிற்சாலையில் இங்கிலீசு பிடித்தவள் அவள்.

"வீட்டுக்கு வந்திட்டானாம். ஆனா கதவு திறக்கேல்லையாம். தான் பொய் சொன்னவன் எண்டு கதவுக்கு வெளியால நிண்டு சொல்லுறான். சொல்லிக்கொண்டே நிக்கிறான்."

"பேந்து திறக்கிறாவோ?"

"பொறுங்கோ." கொஞ்ச நேரம் கேட்டாள். "சொல்லேல்ல. பாட்டு முடிஞ்சுது."

கோப்பிக் கொம்பனிக்காரன் கதவைத் தானே திறந்துவிட்டிருக்கிறான். அவனுக்கு வேண்டியது அந்த அரை நிமிசம். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

முடிந்த பிறகு மகள் இறங்கி வந்தாள். தாயைக் கட்டிப்பிடித்தாள். என்னைப் பார்த்து, "வந்தது நல்லம் அப்பா," என்றாள். அந்த நேரத்தில் ஒரு நல்ல தகப்பன் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. நான் கேட்டது வேறு.

"அந்தக் கசெற் ஆர் பிடிச்சது?"

"நீங்கதான் அப்பா."

"அதைச் சொல்லேல்லயே."

"சொல்லேல்ல."

"எத்தினை சனிக்கிழமை இருந்து பிடிச்சனான். வேலையை மாத்திப்போட்டு. என்ரை பேரை ஒருக்காச் சொன்னா என்ன குறைஞ்சிடும்?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. தலைமயிரைக் கட்டியிருந்ததை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அதைச் சொன்னா மற்றதையும் சொல்லவேணும் அப்பா. அதுதான் ரெண்டையும் விட்டிட்டன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும். பத்தொன்பது பேருக்கு முன்னால் கதைக்கிற வாய் இது. ஒட்டாவாவோடு ஆறு வருடம் மல்லுக்கட்டின வாய். பிரெஞ்சு இல்லை, இங்கிலீசு இல்லை, தமிழும் அந்த இடத்தில் இல்லை. யாரோ வந்து அவளுடைய கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். "பேந்து கதைப்பம் அப்பா, கவனமாப் போங்கோ," என்றுவிட்டுப் போனாள். திரும்பி வரும் வழியெல்லாம் றீற்றா றேடியோவைப் போடவில்லை.

8

ஆகவே மலர் ஆசிரியர் அவர்களுக்கு எழுதுவது.

மகளைப் பற்றிய கட்டுரைக்காக நீங்கள் அவளோடு ரெலிபோனில் கதைத்ததாக அறிந்தேன். கோயிலில் விளம்பர மெட்டுப் பாடின கதையை அவள் உங்களுக்கும் சொல்லியிருப்பாள், தன் குழப்படி என்று. நீங்களும் அதைப் பகிடியாகப் போடத்தான் யோசித்திருப்பீர்கள். இங்கே அதை அறிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் அறிவார்கள். பாதரும் அப்படி நம்பியேதான் காலமானார்.

நான் என் பங்கைக் கேட்கிறேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. மணிக்கூண்டுக் கல்லில் பெயர் போடச் சொல்லிக் கேட்டேன், போட்டீர்கள். இதிலும் போடவேண்டும். அவளுடைய கட்டுரையிலேயே, அவள் படத்துக்குக் கீழே, சனம் வாசிக்கிற இடத்தில். வசனத்தை நானே தருகிறேன், மாற்றவேண்டாம்:

'அந்தப் பாட்டை ஹொக்கிக்கு நடுவில் காத்திருந்து வீடியோவில் பிடித்துக் கொடுத்தவர் தகப்பன் சவிரிமுத்து. அதே மெட்டைக் கோயிலில் பாடு என்று, பிள்ளை மாட்டேன் மாட்டேன் என்று கெஞ்ச, கட்டாயப்படுத்தியவரும் அவரே. பாதர் கேட்டபோது பன்னிரண்டு வயதுப் பிள்ளையில் பழியைப் போட்டவரும் அவரே.'

என்னைப் பற்றி எழுதின முதல் பக்கத்துப் பட்டியல் நீளம் என்றால் வெட்டுங்கள். நாலு வானை எடுங்கள், கராஜை எடுங்கள். இந்த வசனத்துக்கும் இடம் போதாது, ஏதாவது ஒன்றைத்தான் போடலாம் என்றால், கசெற்றை விடுங்கள். மற்றதைப் போடுங்கள். முழுப் பெயரோடு.